பைக் என்ஜினில் ஓடும் மணல் வண்டி

விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய பைக். ஃபோர்க் வளைந்துவிட்டது, சேஸி முறுக்கிக்கொண்டது, ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டுகிறது. என்ஜினுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்ட என்ஜின்கள்தான் காயலான் கடைகளுக்கும், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளுக்கும் வந்து சேர்கின்றன. வெல்டிங் தெரிந்தவர்கள் சிலர் அதை வாங்கி, இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டி, நான்கு சக்கரம் மாட்டி, மணலில் ஓட்டும் ‘டூன் பக்கி’ செய்துவிடுகிறார்கள்.

செய்ய முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பைக்கிலிருந்து என்ஜினைக் கழற்றும்போது என்ஜின் மட்டும்தான் கையோடு வருகிறது. அதைக் குளிரவைத்த எதிர்காற்று, வளைவில் ஆயிலை இடம் மாறாமல் வைத்திருந்த சாய்வு, அதன் பலத்துக்கு ஏற்ற குறைந்த எடை, பின்னுக்குத் தள்ளிய நம் கால்கள், இவை எல்லாம் பைக்கோடு போய்விடுகின்றன. பக்கியில் இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். உண்மையான வேலை அதுதான்.

ஏன் பைக் என்ஜின்?

டூன் பக்கி கலிபோர்னியாவில் பிறந்தது. 1964-ல் புரூஸ் மேயர்ஸ் செய்த ‘மேயர்ஸ் மாங்க்ஸ்’ என்ற ஃபைபர்கிளாஸ் வண்டிதான் அதன் உருவத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. அதற்கு உயிர் கொடுத்தது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் என்ஜின். தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம். என்ஜினே சுழற்றும் விசிறி ஒன்று உள்ளேயே இருந்தது. 1967 நவம்பரில் மெக்ஸிகோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த முதல் நெடும்பந்தயத்தில் வென்றதும் ஒரு மாங்க்ஸ்தான்.

அந்தக் காலத்து 1,192 சிசி பீட்டில் என்ஜினின் சக்தி ஏறத்தாழ 40 குதிரைத்திறன். 2023 வரை வந்த கேடிஎம் 390 ட்யூக்கின் ஒற்றை சிலிண்டர், 373 சிசியில் 43 குதிரைத்திறன் தருகிறது. எடை நாற்பது கிலோவுக்குள். கியர்பாக்ஸும் கிளட்சும் அதே உறைக்குள் அடக்கம். தனியாக எதையும் தேடிப் பொருத்த வேண்டியதில்லை. இந்தியாவின் ஃபார்முலா பாரத் போட்டிக்கு கல்லூரி மாணவர்கள் கட்டும் குட்டிப் பந்தயக் கார்களில் இந்த என்ஜினை நிறையவே பார்க்கலாம். ஆகவே கணக்கு வரும் இடங்களில் இதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

குதிரைத்திறனில் சமம் என்றாலும் சுபாவம் வேறு. பீட்டில் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டிய வேகத்திலேயே 80 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை தரும். கேடிஎம் தருவது 35. அதுவும் 7,000 சுற்றை எட்டிய பிறகு. வேகமாகச் சுற்றி, குறைவாக இழுக்கும் என்ஜின் இது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஓடும் நிலையிலேயே கேட்டுப் பார்க்க முடிந்தால் நல்லது. பெரும்பாலும் கழற்றிப் போட்ட என்ஜின்தான் கிடைக்கும். அப்போது நான்கு சோதனைகள் போதும்.

முதலில் வெளிப்பக்கம். பைக் விழுந்த பக்கத்து உறையைத் துடைத்துவிட்டு, கிராங்க்கேஸில் மயிரிழை விரிசலோ புதிதாகப் பூசிய எம்-சீலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜினைச் சேஸியோடு இணைக்கும் காதுகளில் ஒன்று உடைந்திருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது ஆயில். வடிகால் நட்டைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். வெயிலில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் பேரிங்கோ கியர் பல்லோ தேய்ந்திருக்கிறது.

மூன்றாவது கம்ப்ரஷன். ஸ்பார்க் பிளக் துளையில் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைத்துச் சுழற்ற வேண்டும். அளவு குறைவாக இருந்தால் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ கசிவு. எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகச் சில என்ஜின்களில் அழுத்தத்தைத் தானே குறைக்கும் அமைப்பு உண்டு. அவற்றில் எண் இயல்பாகவே குறைவாகக் காட்டும் என்பதால், அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

நான்காவது கியர். செயின் மாட்டும் தண்டைக் கையால் சுழற்றிக்கொண்டே எல்லாக் கியரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கியர் விழாவிட்டாலும், விழுந்து தானே நழுவினாலும் கிராங்க்கேஸை இரண்டாகப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது.

என்ஜினோடு கூடவே கேட்டு வாங்க வேண்டியவையும் உண்டு: என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. பெட்டி, முழு ஒயரிங், சாவி செட், மீட்டர், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர், த்ராட்டில் பாடி, சைலன்சர். என்ஜின் மட்டும் மலிவாகக் கிடைத்து, இவற்றைத் தனித்தனியாகத் தேட நேர்ந்தால் செலவு இரட்டிப்பாகும். முழு பைக்கையே கழிவு விலைக்கு வாங்குவதுதான் பல நேரங்களில் லாபம்.

பல் கணக்கு

390 ட்யூக்கில் முன் ஸ்பிராக்கெட் 15 பல், பின் ஸ்பிராக்கெட் 45 பல். அதாவது மூன்று மடங்கு குறைப்பு. இதோடு என்ஜினுக்குள் இருக்கும் முதன்மைக் குறைப்பு 2.667, முதல் கியரின் 2.667 இரண்டையும் பெருக்கினால் 21.3 வரும். என்ஜின் 21 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஆறாவது கியரின் விகிதம் 0.84, அதில் மொத்தக் குறைப்பு 6.7.

பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 225 கிலோ என்று வைப்போம். முழு முறுக்குவிசையில் முதல் கியரில் சக்கரம் தரையைத் தள்ளும் விசை, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 10.8 நியூட்டன். உராய்வு இழப்பை இங்கே சேர்க்கவில்லை.

இதே என்ஜினை 22 அங்குல டயர் மாட்டிய, ஆளோடு சேர்த்து 350 கிலோ வரும் பக்கியில் வைத்து, ஸ்பிராக்கெட்டை மாற்றாமல் விட்டால் அந்த விசை கிலோவுக்கு 7.6 ஆக இறங்கிவிடும். டயர் சிறிதாவதால் கொஞ்சம் கை கொடுக்கிறது. இல்லாவிட்டால் இன்னும் மோசம். மணலோ தார்ச்சாலையைவிடப் பல மடங்கு இழுவை கேட்கும். அதனால் வண்டி நகரும், ஆனால் கிளட்சை அரைகுறையாக விட்டு விட்டுத்தான் நகரும். மணலில் இப்படி ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் கருகிவிடும்.

தீர்வு, முன்னால் 14 பல், பின்னால் 56 பல். குறைப்பு நான்கு மடங்காகும். விசை கிலோவுக்கு 10.2 ஆக உயரும். கிட்டத்தட்ட பைக்கின் இழுவை திரும்பக் கிடைத்துவிடும். முதல் கியரில் 3,000 சுற்றில் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் போனது இப்போது 11-ல் போகும். கிளட்சை முழுதாக விட்டுவிட்டு மெதுவாக ஊர்ந்து போக முடியும் என்பதே இதன் பெரிய பலன். உச்ச வேகம் குறையும் என்ற கவலையும் வேண்டாம். 9,000 சுற்றில் ஆறாவது கியர் அப்போதும் மணிக்கு 105 கிலோமீட்டர் தரும். வீட்டில் கட்டிய வண்டிக்கு அதுவே அதிகம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 56 பல் ஸ்பிராக்கெட்டின் விட்டம் 29 சென்டிமீட்டரை நெருங்கும். வண்டி எடையில் டயர் கொஞ்சம் அமுங்கிய பிறகு அதன் அடிவிளிம்புக்கும் தரைக்கும் 13 சென்டிமீட்டர் அளவுதான் மிஞ்சும். ஒரு கல்லில் இடித்தால் பல் வளைந்து செயின் கழலும். ஆகவே கீழே ஒரு தடித்த தகடு கட்டாயம். அல்லது நடுவில் இன்னொரு தண்டு வைத்து, குறைப்பை இரண்டு கட்டமாகப் பிரித்தால் ஸ்பிராக்கெட்டுகள் சிறிதாகவே இருக்கும். அதற்கு லேத் வேலையும் பேரிங்குகளும் கூடுதல்.

பின் அச்சும் ரிவர்ஸும்

பைக்குக்கு ஒரே பின்சக்கரம் என்பதால், இரு சக்கரங்களை வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பேச்சே இல்லை. பக்கியில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சில் பூட்டிவிடலாம். தார்ச்சாலையில் இப்படிச் செய்தால் வளைவில் ஒரு டயர் தேய்ந்துகொண்டே வரும். மணலில் டயர் வழுக்கிக்கொடுப்பதால் பிரச்சினை இல்லை.

துள்ளல் குறைந்த, தனித்தனி சஸ்பென்ஷன் வேண்டும் என்றால் ஸ்பிராக்கெட் மாட்டிய குட்டை அச்சு ஒன்றைச் சட்டகத்தோடு பேரிங்கில் நிறுத்தி, இரு பக்கமும் சி.வி. ஜாயின்ட் வைத்த அரை அச்சுகளைக் கொடுக்க வேண்டும். மாருதி 800, ஆல்டோ போன்ற சிறிய கார்களின் ஹப்பும் அச்சும் இதற்கு எளிதாகக் கிடைக்கும். இந்த முறையில் சக்கரம் ஏறி இறங்கினாலும் செயினின் நீளம் மாறாது. நேரடி அச்சோடு சஸ்பென்ஷன் வைப்பவர்கள், ஸ்விங்-ஆர்மின் கீல் முன் ஸ்பிராக்கெட்டுக்கு மிக அருகில் வருமாறு அமைக்க வேண்டும். தள்ளி வைத்தால் ஒவ்வொரு குழியிலும் செயின் இறுகித் தளரும்.

இடம் போதவில்லை என்று என்ஜினை முன்பின்னாகத் திருப்பி வைக்கும் எண்ணம் சிலருக்கு வரும். செயின் சுழற்சியின் திசையை மாற்றாது. திருப்பி வைத்தால் ஆறு கியரும் வண்டியைப் பின்னோக்கித்தான் ஓட்டும்.

ரிவர்ஸ் கியர் பைக்கில் கிடையாது. மணலில் சிக்கிய 275 கிலோ வண்டியைத் தனி ஆளாகத் தள்ள முடியாது. எளிய வழி, அச்சில் ஒரு பல்வளையம் மாட்டி, தேவைப்படும்போது மட்டும் அதோடு கோக்கும் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரால் பின்னோக்கிச் சுழற்றுவது. ஹோண்டாவே 1988-ல் கோல்ட் விங் 1500 என்ற பெரிய பைக்கில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு ரிவர்ஸ் கொடுத்தது. வேகம் முக்கியமில்லை, சும்மா தோட்டத்தில் ஓட்டினால் போதும் என்பவர்கள் ஆட்டோரிக்‌ஷாவின் என்ஜினையும் யோசிக்கலாம். சக்தி குறைவு, ஆனால் ரிவர்ஸும் டிஃபரன்ஷியலும் அதிலேயே இருக்கின்றன.

வளைவில் ஆயில் எங்கே போகிறது?

பலரும் கவனிக்காமல் விட்டு, என்ஜினையே பறிகொடுக்கும் இடம் இது. தண்ணீர் நிறைந்த வாளியைக் கையில் பிடித்துச் சுழற்றினால் தண்ணீர் சிந்துவதில்லை. வாளியும் சேர்ந்து சாய்வதால் தண்ணீர் அடியிலேயே அழுந்தி நிற்கிறது. பைக் வளைவில் சாயும்போது, என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயிலுக்கும் இதேதான் நடக்கிறது. பம்ப்பின் உறிஞ்சுவாய் எப்போதும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும் என்று நம்பித்தான் அந்த சம்ப் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

பக்கி சாயாது. வேகமாக வளையும்போது ஆயில் முழுக்கப் பக்கவாட்டுச் சுவரில் ஏறிக்கொள்ளும்; பம்ப் காற்றை உறிஞ்சும். 390-ல் இருப்பதே சுமார் 1.7 லிட்டர் ஆயில்தான். நீண்ட வளைவு ஒன்றில் சில நொடிகள் அழுத்தம் அற்றுப்போனாலும் கிராங்க் பேரிங்கில் கீறல் விழும். ஒரே நாளில் என்ஜின் நின்றுபோகாது. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

செலவில்லாத முன்னெச்சரிக்கை, என்ஜினைப் பைக்கில் இருந்த அதே கோணத்தில் பொருத்துவதும், ஆயிலை மேல் குறி வரை வைத்திருப்பதும். அடுத்தது, சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து, உறிஞ்சுவாயைச் சுற்றி ஆயிலைத் தேக்குவது. ஆயில் அழுத்த விளக்கை ஓட்டுபவர் கண்ணெதிரே பெரிதாக வைக்க வேண்டும். வளைவில் அது ஒருமுறை மின்னினாலும் அந்த வேகத்தில் மறுபடி வளையக் கூடாது. பந்தயக்காரர்கள் ஆயிலைத் தனித் தொட்டிக்கு மாற்றும் ‘ட்ரை சம்ப்’ வரை போவார்கள். பொழுதுபோக்கு வண்டிக்கு அது தேவைப்படாது.

பைக்கின் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுவது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கும் என்பதால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று அச்சிட்ட பைக் ஆயில்தான் வேண்டும். மணல் ஓட்டத்தில் கிளட்ச் துகள்களும் அதே ஆயிலில் கலப்பதால், பைக்குக்குச் சொன்ன இடைவெளிக்கு வெகு முன்னதாகவே மாற்றிவிட வேண்டும்.

சூடும் தூசியும்

பைக்கில் ரேடியேட்டர் எதிர்காற்றில் நிற்கிறது. பக்கியில் என்ஜின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வண்டி மெதுவாகப் போகிறது, என்ஜினோ முழு மூச்சில் உழைக்கிறது. பைக்கின் ரேடியேட்டர் இதற்குப் போதாது. சிறிய கார் ஒன்றின் ரேடியேட்டரை மின்விசிறியோடு சேர்த்து, தலைக்கு மேல் உயரத்தில் கூண்டின் பின்பக்கம் பொருத்துவது வழக்கம். குழாய் நீளமாவதால் நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர் ஊற்றும் வாய் அமைப்பிலேயே மிக உயரமான இடத்தில் இருக்க வேண்டும். காற்றால் குளிரும் பைக் என்ஜினைத் தேர்ந்தெடுத்தால், காற்றை அதன் துடுப்புகள் மீது செலுத்தும் விசிறியும் தகட்டுக் கூடும் நாமே செய்தாக வேண்டும்.

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். எஃகையே உரசித் தேய்க்கும் கடினம் அதற்கு. கிழிந்த ஏர் ஃபில்டரோடு மணலில் ஓட்டினால் பிஸ்டன் ரிங் சீக்கிரமே தேய்ந்துவிடும். உறிஞ்சு குழாயைச் சக்கரம் வீசும் மணலுக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய், ஆயில் தடவிய ஃபோம் ஃபில்டரை மாட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவ வேண்டும்.

ஒயரிங்கை வெட்டாதீர்கள்

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள என்ஜின் தன்னைச் சுற்றி ஒரு முழு பைக் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். சைடு ஸ்டாண்டு மடக்கியிருக்கிறதா, கிளட்ச் பிடித்திருக்கிறதா, கியர் நியூட்ரலா, வண்டி விழுந்துகிடக்கிறதா? தேவையான பதில் வராவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. கவிழ்ந்தால் என்ஜினை நிறுத்தும் சாய்வு சென்சாரை, பைக்கில் இருந்த அதே திசையில் நிமிர்த்திப் பொருத்த வேண்டும். இடத்துக்குப் பொருந்தவில்லை என்று படுக்கவைத்தால், வண்டி விழுந்துவிட்டதாக எண்ணி இ.சி.யூ. பெட்ரோலை நிறுத்தும்.

அதனால் முதலில் பைக்கில் இருந்தபடியே எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஸ்டாண்டில் என்ஜினை ஓடவைத்துப் பாருங்கள். அதன்பின் இண்டிகேட்டர், ஹாரன் போன்ற தேவையற்ற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டே போகலாம்.

2017-க்கு முந்தைய 390-ல் த்ராட்டில் கேபிளால் இயங்கும். பெடலோடு இணைப்பது சுலபம். அதற்குப் பிந்தைய மாடலில் எலக்ட்ரானிக் த்ராட்டில் என்பதால் வேலை கடினம். கிளட்ச் கேபிளைப் பெடலில் கட்டும்போது, காலின் முழு பலமும் கேபிளில் இறங்காதபடி பெடலுக்கு ஒரு தடுப்பு வையுங்கள். கையால் பிடிக்கச் செய்த கேபிள், கால் மிதித்தால் அறுந்துவிடும். த்ராட்டில் பெடலுக்கு இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங். ஒன்று போனாலும் இன்னொன்று மூடும்.

கூண்டும் சட்டமும்

கூண்டுக்கு ஜி.ஐ. தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தவே கூடாது. மோதலில் அது மடங்கும். வெல்டிங் செய்யும்போது துத்தநாகப் புகை நுரையீரலைப் பாதிக்கும். கல்லூரி மாணவர்கள் இதுபோன்ற வண்டிகளைக் கட்டிப் பங்கேற்கும் ‘பாஹா எஸ்.ஏ.இ.’ போட்டியின் விதி இதற்கு நல்ல அளவுகோல்: குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் உள்ள எஃகுக் குழாய், 25 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிப்பு. அறுந்த செயின் நேராக ஓட்டுபவரின் முதுகுக்குத்தான் வரும் என்பதால் இருக்கைக்கும் என்ஜினுக்கும் இடையே முழு இரும்புத் தகடும், செயினைச் சுற்றி உறையும் அவசியம். பல புள்ளிப் பெல்ட், ஹெல்மெட், கைக்கு எட்டும் கில் சுவிட்ச், தீயணைப்பான் ஆகியவற்றில் எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

இந்தியாவில் இந்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதித்து ஒப்புதல் பெற்றாலொழிய பதிவு கிடைக்காது. தனிமனிதருக்கு அது எட்டாத செலவு. சொந்த நிலத்திலோ மூடிய களத்திலோதான் ஓட்ட வேண்டும். கடற்கரை மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் மிகக் கடுமையான பிரிவில் வருபவை. தமிழகக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவதும் அதே மணலில்தான். அங்கே பக்கியைக் கொண்டுபோகக் கூடாது. என்ஜின் வாங்கும்போது ஆர்.சி. நகல், விற்பனைக் கடிதம் இரண்டையும் கேட்டு வாங்கி, என்ஜின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் சுரண்டியிருந்தால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். திருட்டு வண்டி வழக்கில் முதலில் மாட்டுவது கையில் வைத்திருப்பவர்தான்.

வேலை வரிசை

பைக்கின் சேஸியை அறுப்பதற்கு முன், என்ஜின் தொங்கும் துளைகளின் இடைவெளியை ஆங்கிள் இரும்பில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காதுகளையும் பயன்படுத்துங்கள். இரண்டில் மட்டும் மாட்டினால் செயின் இழுப்பில் என்ஜின் திரும்பும். முன், பின் ஸ்பிராக்கெட்டுகளின் முகத்தில் ஒரு நேர்க்கோலை வைத்து, இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதைப் பார்த்த பிறகே புள்ளி வெல்டிங். முழு வெல்டிங்கின் சூட்டில் சட்டகம் இழுத்துக்கொள்ளும் என்பதால், ஆறிய பிறகு நேர்க்கோலை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டம் சமதரையில், இரண்டாவது கியரைத் தாண்டாமல், பத்து நிமிடம். நிறுத்தியதும் ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள், செயின் தளர்வை அளந்து பாருங்கள், ஆயில் மட்டத்தையும் கசிவையும் கவனியுங்கள். ஸ்பிராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் கோடு தவறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மணலுக்குப் போக வேண்டாம்.